ஏமாந்த நேரம்

"ஏமாந்துட்டேன்" என்று ஒருவர் சொல்லும்போது அந்த வாக்கியத்துக்குள் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார். ஏமாற்றியவருக்கு அதில் இடமில்லை. சீட்டுப் பணம் போனவர், போலிப் பத்திரத்தில் நிலம் போனவர், கட்டிக்கொள்வதாகச் சொன்னவனை நம்பிக் காத்திருந்தவள் என்று யார் வாயிலும் முதலில் வருவது இந்தச் சொல்தான். கொஞ்ச காலமாகவே இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அடிபட்டவர் "அடிச்சுட்டான்" என்றுதான் ஆரம்பிக்கிறார். வீட்டில் திருடு போனால் "தூக்கிட்டுப் போயிட்டான்" என்கிறோம். ஆள் யாரென்று தெரியாதபோதுகூட அந்த விகுதியில் ஒருவன் வந்து நின்றுவிடுகிறான். ஏமாற்றியவனை மட்டும், பெயர், ஊர், செல்பேசி எண் எல்லாம் தெரிந்திருந்தும், வாக்கியத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தன்னையே எழுவாயாக்கிக்கொள்கிறார் ஏமாந்தவர். "பறிகொடுத்துட்டேன்" என்பதும் அப்படித்தானே என்று எனக்கு நானே மறுத்துப் பார்த்தேன். அதிலும் இழந்தவரே எழுவாய். ஆனால் பறி என்பதற்குள் ஒரு கை நீண்டு தெரிகிறது. பறித்தவன் இல்லாமல் யாரும் பறிகொடுக்க முடியாது. ஏமாறுவதற்கு அப்படி இன்னொருவர் வேண்டியதில்லை என்பதுபோல இருக்கிறது இந்தச் சொல்லின் நடத்தை. பள்ளிக்கூட இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோம்: ஆடு, ஆட்டு, ஓடு, ஓட்டு, மாறு, மாற்று, திருந்து, திருத்து. அந்த வரிசையில்தான் ஏமாறு, ஏமாற்று என்ற இணையும் வருகிறது. முன்னது அடி, பின்னது அதிலிருந்து எடுத்தது. ஆட்டியவர் எழுந்து போன பிறகும் தொட்டில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பதைப் போல, ஏமாற்றியவன் போன பிறகும் ஏமாறுதல் ஏமாந்தவரிடமே நடந்துகொண்டிருக்கிறது. வஞ்சித்தல், ஏய்த்தல், எத்துதல் எல்லாம் இப்படியல்ல. அவை செய்பவனிடமிருந்தே கிளம்புகின்றன. ஆனால் வஞ்சனைக்கு ஆளானவர் அதைத் தன்மேல் வைத்துச் சொல்ல "வஞ்சிக்கப்பட்டேன்" என்று எழுத்துத் தமிழுக்குப் போக வேண்டும்; வாயால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பேச்சுக்கு மிஞ்சுவது ஏமாந்தேன். வேறு சொல் இல்லாததால் இதைச் சொல்கிறார்களா, சொல் இப்படி இருப்பதால் இப்படி உணர்கிறார்களா என்று எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

இந்தச் சொல்லுக்குள் இன்னொரு பொருளும் பதுங்கியிருக்கிறது. "கொஞ்சம் ஏமாந்தா தலையில மிளகா அரைச்சுடுவான்" என்கிறோம். "ஏமாந்த நேரம் பார்த்துச் சங்கிலியை அறுத்துட்டான்" என்கிறோம். இங்கே ஏமாந்த நேரம் என்பது ஏமாற்றப்பட்ட நேரம் அல்ல, அசந்திருந்த நேரம். சங்கிலி அறுபடுவதற்கு முன்பே சங்கிலிக்காரி ஏமாந்துவிட்டாள். ஜன்னலோரம் தலைசாய்த்தது, பக்கத்து இருக்கைக்காரியோடு ஊர்க்கதை பேசியது, பையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தது, எல்லாம் ஏமாறுதலின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. வடிவத்திலும் இந்தச் சொல்லுக்கு ஒரு தனிப்போக்கு உண்டு. மாறு என்றால் மாறினேன். அப்படியானால் ஏமாறு என்பது ஏமாறினேன் என்றுதான் வர வேண்டும். எழுத்தில் அப்படி எழுதவும் செய்கிறோம். வாய் மட்டும் பிடிவாதமாக ஏமாந்தேன் என்கிறது. பழந்தமிழில் ஏமம் என்றால் காவல், பாதுகாப்பு. இன்பம் என்றும் பொருள் உண்டு. ஏமாப்பு என்ற சொல்லைக் குறள் அரண் என்ற பொருளில் ஆள்கிறது, ஆமையைப் போல ஐந்தையும் அடக்கிக்கொள்பவனுக்கு ஏழு பிறப்புக்கும் கிடைக்கும் அரண். ஏமம் மாறுவதே ஏமாறுவது, காவல் விலகுவதே ஏமாற்றம் என்று சொல்லைப் பிரித்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது சொல்லின் உண்மையான பிறப்புதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சொற்களைப் பிரித்து அழகான விளக்கம் சொல்லும் ஆசை நம்மிடம் எப்போதும் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஏமாந்த நேரம் என்று சொல்கிற வாய்க்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. காவல் இருந்திருக்க வேண்டும், இல்லாமல் போயிற்று, ஆகவே நடந்தது. காவல் காக்க வேண்டியவர் யாரென்றால் பொருளுக்கு உரியவர். இப்படித்தான் குற்றம் சத்தமில்லாமல் கைமாறுகிறது.

ஒரு திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, மர நிழலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவரிடம் வேறு வேலையாகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. தீபாவளிச் சீட்டு. அவர் தெருப் பெண்கள் பலரிடம் மாதா மாதம் வாங்கிய பணத்தையும் சேர்த்து ஒருவரிடம் கட்டியிருக்கிறார். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. அந்த அம்மா பேசியது முழுவதும் ஏமாந்துட்டேன், ஏமாந்துட்டேன் என்பதைச் சுற்றியே வந்தது. படிச்ச பிள்ளை சொல்லியும் கேட்காம ஏமாந்துட்டேன், ரசீதுகூட வாங்காம ஏமாந்துட்டேன், அக்கா அக்கான்னு கூப்பிட்டதுல ஏமாந்துட்டேன். மனு எழுதுபவர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டேயிருந்தார். முடித்ததும் வாசித்துக் காட்டினார். மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன் என்று தொடங்கி, மேற்படி நபர் ஆசை வார்த்தை கூறி, என்னை நம்பவைத்து, பணத்தைப் பெற்றுக்கொண்டு, பொருளும் தராமல் பணமும் தராமல் தலைமறைவாகிவிட்டார் என்று போயிற்று. யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோல அந்த அம்மா கேட்டார். பிறகு, "நான் ஏமாந்ததை எழுதலையா?" என்றார். அதற்கு அவர் சொன்னார்: "அதெல்லாம் எழுதக் கூடாதும்மா. அவன் செஞ்சதைத்தான் எழுதணும்." மனுத் தமிழைத் தேய்ந்த தமிழ், செத்த தமிழ் என்று நானும்தான் எழுதியிருக்கிறேன். ஆசை வார்த்தை கூறி, நூதன முறையில் என்ற பத்திரிகைச் சொற்றொடர்கள் காதில் விழுந்தாலே சலிப்பு வரும். ஆனால் அன்று அந்த மேசையில், அந்தத் தேய்ந்த சொற்கள்தான் காணாமல் போன ஆளைப் பிடித்து இழுத்து வந்து வாக்கியத்தின் தலைப்பில் நிறுத்தின. நேர்மையான, ஈரமான பேச்சுத்தமிழால் அது ஆகவில்லை.

ஏமாந்தவரை அழைக்க நம்மிடம் எத்தனை சொற்கள்! ஏமாளி, சோணகிரி, இளிச்சவாயன், கேனையன், பிழைக்கத் தெரியாதவன். அப்பாவி என்பது ஒன்றுதான் கொஞ்சம் இரக்கம் உள்ள சொல். அதுவும் மெல்லத் தலையில் தட்டிக்கொடுக்கும் இரக்கம். ஏமாற்றியவனை எத்தன், கில்லாடி, பலே ஆள், விவரமானவன் என்கிறோம். பிழைக்கத் தெரிந்தவன் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பாராட்டில்லை. அவன் செய்த காரியத்துக்கோ விளையாட்டுப் பெயர்கள். நாமம் போட்டுட்டான், அல்வா கொடுத்துட்டான், காதுல பூ சுத்திட்டான், தண்ணி காட்டிட்டான், கம்பி நீட்டிட்டான். இந்தச் சொற்களை நானும் விரும்பித்தான் பேசியிருக்கிறேன். அவற்றில் துள்ளல் இருக்கிறது, தமிழின் குறும்பு இருக்கிறது. அரசியல்வாதி வாக்குறுதி மீறினால் அல்வா கொடுத்தார் என்று சிரிக்கும்போது அதிகாரத்தைக் கொஞ்சம் கிள்ளிய திருப்தியும் கிடைக்கிறது. ஆனால் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை நிதி நிறுவனத்தில் போட்டு இழந்தவரைப் பற்றி அவர் காதுபடவே "நல்லா நாமம் போட்டுட்டானுங்க" என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர் கொடியவர் அல்லர். வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. 1990களில் ஊருக்கு ஊர் நிதி நிறுவனங்கள் முளைத்துக் கவிழ்ந்தபோது, ஓய்வூதியக்காரர்கள் வைப்புநிதிச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். முதலீட்டாளர் நலன் காக்கவென்று தமிழ்நாடு தனிச் சட்டமே 1997இல் இயற்ற வேண்டியிருந்தது. சென்னை, மதுரை, கோவையில் அதற்கென்றே நீதிமன்றங்கள் வந்தன. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் முன்பணம் கட்டிய குடியானவர்கள் தீனி போட வழியில்லாத பறவைகளோடு நின்றார்கள். ஒவ்வொரு முறையும் ஊர் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான்: பேராசை பெருநஷ்டம். வங்கி வட்டி வீட்டு வாடகைக்குக்கூடக் காணாதவர் சில நூறு ரூபாய் அதிகம் வேண்டுமென்று நினைத்ததைப் பேராசை என்று சொல்ல நமக்கு நா கூசுவதில்லை. அந்த ஆசையைக் கணக்குப் போட்டு, அதன் அளவுக்குச் சரியாகத் தைத்துக் கொடுத்தவனின் ஆசைக்குத் தமிழில் பேர் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

வஞ்சனை என்ற சொல் இன்று கதைகளிலும் சினிமா வசனத்திலும்தான் அதிகம். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. "வயித்துக்கு வஞ்சகம் பண்ணாம சாப்பிடு" என்பார் பரிமாறுகிறவர். ஓங்கி வளர்ந்த பிள்ளையைப் பார்த்து "வஞ்சகமில்லாம வளர்ந்திருக்கான்" என்பார்கள். இந்த இடங்களில் வஞ்சகம் என்றால் பொய் சொல்வதல்ல. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பிடித்துவைப்பது. இலையில் சோறு இருக்கிறது, வயிறு கேட்கிறது, கை தயங்குகிறது. அந்தத் தயக்கம்தான் வஞ்சகம். ஏமாற்றுதல் என்ற செயலின் உள்ளுறுப்பை இந்தப் பந்திப் பேச்சு எவ்வளவு சரியாகத் தொட்டுவிடுகிறது என்று நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய பழைய சொல் கரவு. கரத்தல் என்றால் ஒளித்தல். களவில் பழகியவன் நெஞ்சில் கரவு எப்படி நிலைத்திருக்கும் என்று கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் பேசுகிறார். அதே கரத்தலை இரவு அதிகாரத்தில், கேட்டு வந்தவனிடம் இருப்பதை மறைக்கும் செல்வனுக்கும் வைக்கிறார். கிடைத்த இரையை ஒளிக்காமல் இனத்தைக் கரைந்து கூப்பிட்டு உண்ணும் காக்கையைச் சொல்லும்போதும் அதே சொல்தான். திருடனின் மறைப்பும் கருமியின் மறைப்பும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. இந்தச் சொற்களில் ஏமாந்தவர் எங்கே அசந்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. ஒளித்தவன் கையில் என்ன இருந்தது, யாருக்குச் சேர வேண்டியது, ஏன் மூடிக்கொண்டான் என்றுதான் அவை கேட்கின்றன. கரவு என்ற சொல்லை நாம் இழந்ததில் ஒரு பார்வையையே இழந்திருக்கிறோம்.

பொய்யும் இதில் சேரும், ஆனால் வேறு திசையில் இழுக்கும். மழை பொய்த்தது என்கிறோம். பருவமழை தவறினால் அது பொய். வானம் வாக்குக் கொடுத்ததா என்று யாரும் கேட்பதில்லை. வானம் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்று பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே வருகிறது. உழுது, விதைநெல்லைக் கடனுக்கு வாங்கி, வாய்க்கால் வெட்டிக் காத்திருப்பவன் கண்ணில் வானம் ஒரு உறவுக்காரர் மாதிரி, வராவிட்டால் பொய்த்துவிட்டது. அதையே இன்று "மழை ஏமாத்திடுச்சு" என்கிறோம். ஏமாற்றம் என்ற பெயர்ச்சொல்லோ இன்னும் தூரம் போய்விட்டது. பரீட்சை முடிவில் ஏமாற்றம், கிரிக்கெட்டில் ஏமாற்றம், படம் பார்த்து ஏமாற்றம். யாரும் யாரையும் ஏமாற்றாத இடங்களில்தான் இந்தச் சொல் அதிகம் புழங்குகிறது. எதிர்பார்ப்பு ஒன்று இருந்தது, அது நடக்கவில்லை, அவ்வளவுதான். ஆக, திட்டமிட்டு ஒருவரைச் சூறையாடியதற்கும் மேகம் கலைந்து போனதற்கும் ஒரே சொல் என்றாகிவிட்டது. ஏமாந்துட்டேன் என்பவர் குரலில் வானத்தைப் பார்த்துச் சொல்வதுபோன்ற ஒரு கையறு தொனி இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டில் கபிலர் பாடிய பெண் ஒருத்தி பேசுகிறாள். அவன் தன்னைக் கொண்ட நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய்த்துவிட்டால் அவள் என்ன செய்வாள்? தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்து நின்ற குருகு ஒன்று அங்கே இருந்தது. சாட்சி அவ்வளவுதான், அதன் கண்ணும் மீன்மேல். பதறிப்போன பேச்சு இது. ஆனால் கவனித்தால், அவள் தன்னை எங்கும் ஏமாந்தவளாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கள்வன் என்கிறாள், அவன் பொய்த்தால் என்கிறாள். வினை முழுக்க அவனுடையது. இத்தனைக்கும் கள்வன் என்பது அகப்பாட்டில் காதலும் கலந்த சொல். களவு என்று ஒரு வாழ்க்கைப் பகுதிக்கே பெயர் வைத்த மொழி இது. பின்னால் ஞானசம்பந்தர் தன் முதல் பதிகத்தில் சிவனையே உள்ளத்தைத் திருடிய கள்வன் என்று அழைப்பதும் இந்தக் குழைவில்தான். ஆனால் கபிலரின் பெண் வாயில் குழைவுக்கு அடியில் அச்சம் ஓடுகிறது. தொல்காப்பியம் கற்பியலில் சொல்வது இந்த அச்சத்தின் மறுபக்கம்: பொய்யும் வழுவும் தோன்றிய பிறகுதான் பெரியோர் மணச்சடங்கு என்ற கரணத்தை வகுத்தார்கள். கல்யாணம் என்ற ஏற்பாட்டுக்கு அன்பையோ குலத்தையோ காரணமாகச் சொல்லாமல் ஏமாற்று நடந்தது என்பதைக் காரணமாகச் சொல்லும் இந்த வெளிப்படையான பேச்சு எனக்கு ஒவ்வொரு முறையும் திகைப்பாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவு, நிறைவேற்றும் எண்ணமில்லாமல் மணம் செய்வதாக வாக்குக் கொடுத்து உறவு கொள்வதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. குருகுக்குப் பிறகு கரணம், கரணத்துக்குப் பிறகு சட்டப்பிரிவு. அந்தப் பெண்ணின் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது: அங்கே யாரும் இல்லை, அவன் மனசுக்குள் என்ன இருந்தது என்று யார் சொல்வது?

சட்டம் தலையை முட்டிக்கொள்வதும் இங்கேதான். அதே ஜூலை 1இல்தான் பழைய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு ஏட்டிலிருந்து போனது. ஏமாற்றுதல் இப்போது 318. ஆனால் தெருவில் ஃபோர் ட்வென்டி என்று திட்டுவது நிற்காது, எண் அதற்குள் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. 1860இன் அந்தத் தண்டனைச் சட்டம் 415ஆம் பிரிவில் ஏமாற்றுதலை வரையறுத்துவிட்டு எடுத்துக்காட்டுகள் தந்தது. அவற்றில் ஒன்று அவுரிச் செடி பற்றியது. அவுரி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியவன், வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லாதிருந்தால் ஏமாற்றியவன். வாங்கும்போது எண்ணம் இருந்து, பிறகு தவறினால் அது ஒப்பந்த மீறல் மட்டுமே, சிவில் வழக்கு. ஒரே முன்பணம், ஒரே செடி, ஒரே இழப்பு. குற்றமா இல்லையா என்பது பணம் கை மாறிய அந்தக் கணத்தில் ஒருவன் நெஞ்சுக்குள் இருந்ததைப் பொறுத்தது. இதன் நுட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 1859, 1860இல் வங்கத்துக் குடியானவர்கள் அவுரித் தோட்ட முதலாளிகளுக்கு எதிராக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். வேண்டாத முன்பணத்தைக் கையில் திணித்து, கடனில் கட்டிப்போட்டு, நெல் விளைந்த மண்ணில் அவுரி பயிரிடவைத்தவர்கள் அந்த முதலாளிகள். சட்டம் எழுதியவர்களின் கற்பனையில் வரும் ஏமாற்றுக்காரனோ முன்பணம் வாங்கியவன். ஏமாந்தவன் கொடுத்தவன். யாரை எழுவாயாக வைத்து யோசிக்கிறோம் என்பது இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதில்லை.

ஏமாந்தேன் என்ற சொல்லில் ஆள் இல்லாத வெற்றிடம் இருக்கிறது என்றேன். அந்த வெற்றிடத்தில் வேறு சிலர் வந்து ஒளிந்துகொள்வதையும் பார்த்திருக்கிறேன். சீட்டும் வைப்புநிதியும் கவிழ்ந்த இடங்களில் எல்லாம் நடுவில் ஒரு முகவர் இருப்பார். சொந்தக்காரர்களிடம், கூட வேலை பார்த்தவர்களிடம், கோயில் வரிசையில் பழகியவர்களிடம் பணம் சேர்த்துக் கொடுத்து அதற்குப் பங்கு வாங்கியவர். கேட்டால் "நானும் ஏமாந்துட்டேன்" என்பார். அது பொய்யாகக்கூட இருக்காது. அவர் பணமும் போயிருக்கும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னவுடன் அவரும் அந்த மனுக்கார அம்மாவும் ஒரே வரிசையில் நின்றுவிடுகிறார்கள். மதுரையில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கும் இந்த வசதி இருந்தது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கோவலனைத் தன் குடிலருகே காத்திருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்கு ஓடிக் கள்வன் அகப்பட்டான் என்று சொன்னவனும் அவனே. அரசன் ஏமாந்தான் என்பது சத்தியமான உண்மை. கண்ணகி தன் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் தெறித்தபோது அவன் அதையே சாக்காகச் சொல்லியிருக்கலாம், கொல்லனைப் பிடித்துவரச் சொல்லியிருக்கலாம். கள்வன் தானே என்றான். விசாரிக்காமல் ஆணையிட்ட வாய் தன்னுடையது என்பதை அவன் மறைக்கவில்லை. இளங்கோ அந்தப் பொற்கொல்லனை மறந்துவிடவும் இல்லை. குற்றம் இரண்டு இடத்திலும் அதனதன் அளவில் நிற்கிறது. ஏமாந்தவர்களில் யாருக்கு அந்தச் சொல் உரியது, யாருக்கு அது பதுங்குகுழி என்று பிரித்துப் பார்க்க எனக்கு அந்தக் காட்சிதான் உதவுகிறது. விசாரிக்க வேண்டிய இடத்தில் இருந்தவருக்கு ஏமாந்தேன் என்று சொல்லும் உரிமை குறைவு.

அப்படியானால் விசாரிக்க வேண்டிய இடத்தில் இல்லாதவர், வெறுமனே நம்பியவர்? பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. போரில் திரும்பத் திரும்பத் தோற்ற முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு திருக்கோவலூர் அரண்மனைக்குள் வருகிறான். எங்கும் கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான். அரசன் அவனை மேலே உட்காரவைத்துத் தான் கீழே அமர்கிறான், தேவியையும் விலகச் சொல்கிறான். ஏட்டுக்கட்டு அவிழ்கிறது. குத்துப்பட்டு விழுந்தவன், வாளோடு பாய்ந்த காவலன் தத்தனைத் தடுத்து, வந்தவருக்கு எந்தத் தீங்கும் நேராமல் ஊர் எல்லை கடத்திவிடச் சொல்கிறான். தத்தன் திரும்பி வந்து அந்தச் செய்தியைச் சொல்லும்வரை உயிரைப் பிடித்துவைத்திருக்கிறான். சேக்கிழார் இவரை ஏமாளி என்று எங்கும் கருதவில்லை. வேடத்தை மெய்யென்று கொண்டதற்காகவே மெய்ப்பொருள் என்ற பெயர். இந்தக் கதையைக் காட்டி, பணம் இழந்த யாரையும் பொறுத்துப்போகச் சொல்ல எனக்கு மனம் வராது. கொலைகாரனுக்குத் துணையாக அந்த இரவில் நடந்த தத்தனின் நடையை நினைத்தால் இன்றும் என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை. ஆனால் ஒன்றைச் சேக்கிழார் அசைக்க முடியாதபடி சொல்லிவிட்டார்: நம்பியது அவர் குறையல்ல. கறுப்பு முழுவதையும் முத்தநாதன் மனத்துக்குள்தான் அவர் வைத்தார்.

இப்போது சுவரெங்கும், செல்பேசித் திரையெங்கும் ஏமாறாதீர்கள், விழிப்புடன் இருங்கள் என்ற அறிவிப்புகள். இணைய மோசடி நடந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள் என்கிறார்கள். அது பயனுள்ள எண், பலருடைய பணத்தை நடுவழியில் நிறுத்தியும் இருக்கிறது. ஆனாலும் அறிவுரை முழுவதும் ஏமாறப்போகிறவரை நோக்கியே போகிறது. டிஜிட்டல் அரெஸ்ட் என்ற மிரட்டலில் சேமிப்பை இழந்த என் உறவினர், நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், பல நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது என்று வீட்டில் எல்லோரும் அவருக்கு மாறி மாறி விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை ஆட்டி, "ஏமாந்துட்டேன்" என்பார். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இதே மாதிரிச் சம்பவத்தைச் சொல்லும்போது "என்னைப் பேய்க்காட்டிப்போட்டாங்கள்" என்றார். அங்கே பேயன் என்றால் முட்டாள். பேய்க்காட்டுவது ஒருவரைப் பேயனாக்குவது. அந்தச் சொல்லில் முட்டாள்தனம்கூட இன்னொருவர் செய்துவிட்ட காரியம். சுத்துமாத்து என்றும் சொன்னார், சுற்றியதும் மாற்றியதும் அவர்கள். அந்தப் பேச்சு காதில் இருந்ததாலோ என்னவோ, பெரியப்பாவைப் பார்க்கப் போனபோது எப்படி ஏமாந்தீங்க என்று கேட்காமல், "உங்களை ஏமாத்தினது யாரு பெரியப்பா?" என்று கேட்டேன். ஏதோ தெரியாத பாஷையில் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்சலில் போதைப்பொருள் என்று சொன்னவன் ஒருவன், சீருடையில் கொடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் இன்னொருவன், காமிராவை அணைத்தால் மகனையும் பிடிப்போம் என்று மிரட்டியவன் மூன்றாமவன். குளியலறைக்குப் போகக்கூட அவனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. நடுவில் ஒருத்தி தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் சார் என்று கனிவாகப் பேசியிருக்கிறாள். அவள் பேச்சில்தான் முதல் தொகையை அனுப்பினார். குரல், பேச்சுவாடை, யார் யாரை சார் என்றார்கள், கணக்கு எண்ணை எவன் வாசித்தான் என்று எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. மேசையிலிருந்த நோட்டை என் பக்கம் தள்ளி, "எழுதிக்கோ. போலீஸ்ல கேப்பாங்க. பார்சல்னு சொன்னான் பாரு, அவன்தான் மொதல்ல கூப்பிட்டான்" என்றார்.